தண்ணீரில் இறங்கும் லாரி

ஜனவரி 9

பொடிசுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதம்.

நான்காவது லாரியையும் வாங்கிவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

மூக்குக் கண்ணாடிக் கடையை உன் அண்ணியிடம் விட்டுவிட்டு, விடியும்போதே ராணுவக் கிடங்கு ஏலத்துக்குப் போனேன். அந்த இடத்தை உனக்கு ஒருநாள் காட்ட வேண்டும். இடுப்புயரப் புல்லுக்குள் வரிசை வரிசையாகப் பச்சை லாரிகள் நிற்கும். முகப்பு விளக்குகளில் பனி படிந்திருக்கும். பானட்டைத் தூக்கினால் உள்ளே குருவிக் கூடு. பழைய கிரீசும் தார்பாயும் வெயிலில் சூடேறி ஒரு வாசனை வரும் பார், எனக்கு அதற்குமேல் சாம்பிராணி வேண்டாம். வருகிறவர்கள் எல்லாம் இரும்பு வியாபாரிகள். டயரை உதைத்துப் பார்த்து எத்தனை டன் தேறும் என்று கணக்குப் போடுவார்கள். கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான் ஒருவன்தான். "பட்டாளம் வந்துட்டாருப்பா" என்று அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்காமல் இல்லை.

கடைசி வரிசையில் அது நின்றது. ஆறு சக்கரம். ஆனால் அடிப்பாகம் படகு மாதிரி. பின்னால் விசிறி, சுக்கான். ஏலக் குமாஸ்தாவைக் கேட்டேன். "சார், இது தண்ணியிலயும் போகும். தரையில போகுமான்னு மட்டும் கேட்காதீங்க" என்றார். என்னோடு போட்டிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை.

உனக்காகத்தான் வாங்கினேன். படகில் கால் வைத்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் உன் தீவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இது படகு இல்லை. ஸ்டியரிங் இருக்கிறது, கியர் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் இருக்கிறது. மாப்பிள்ளை காலமாகி ஒரு வருடம் ஆகிறது. நீ தனியாக அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்? நானே வந்து உன்னையும் உன் கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். மாடியில் கிழக்குப் பார்த்த அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்


ஜனவரி 21

அண்ணா,

யாரைக் கேட்டு வெள்ளையடித்தாய்?

எனக்காக வாங்கினாயாம். ஆம்புலன்ஸ் லாரியை வாங்கும்போது அண்ணியின் முழங்கால் வலிக்காக என்றாய். அண்ணி அதில் ஏறவே ஏணி வேண்டும். தண்ணீர் டாங்கி லாரி கோடைக்காக. ரேடியோ இல்லாத ரேடியோ லாரி எதற்காக என்று சொல்ல உனக்கே வாய் வரவில்லை. ஆசைப்பட்டு வாங்கினேன் என்று ஒரு தடவையாவது சொல்லேன். யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டாய். ஐஸ் செய்துகொண்டிருக்கிறேன். அவர் இருந்தபோதும் அதைத்தான் செய்தேன். விடிந்ததும் பேக்டரித் தொட்டியிலிருந்து அச்சுகளைத் தூக்கி வெந்நீரில் முக்கினால் ஆளுயரப் பாளங்கள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முதல் பாளத்துக்குள் எப்போதும் ஒரு வெள்ளைப் புகை நடுவில் உறைந்து நிற்கும். ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இருக்காது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அரவை இயந்திரத்துக்குள் தள்ளுவேன். பிறகு மீனுக்கு ஐஸ் வாங்கப் படகுக்காரர்கள் வந்துவிடுவார்கள், கத்தல் ஆரம்பித்துவிடும்.

நான் சரக்கு இல்லை, ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போக.

தங்கை

பி.கு: அது நிஜமாகவே மிதக்குமா?


பிப்ரவரி 17

பொடிசுக்கு,

மிதக்கிறது. கொஞ்ச நேரம்.

உன் அண்ணி அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டாள். பக்கத்துத் தெரு வெல்டர் ஒரு மாதமாக அதன் வயிற்றுக்கடியில்தான் படுத்திருந்தார். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்தார். நான் கண்ணாடி துடைக்கும் துணியாலேயே மீட்டர்களைத் துடைத்தேன். உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு பம்ப் இருக்கிறது, இன்ஜின் ஓடினால்தான் அதுவும் ஓடும். கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது, "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்பதற்குப் பதில் "பம்ப் தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கல்குவாரிக் குட்டைக்குக் கொண்டுபோனோம். உன் அண்ணி குடையோடு கரையில் நின்றாள். இரண்டாவது கியரில் மெதுவாக இறக்கினேன். சக்கரத்தின் கீழே கல் நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் கேட்கவில்லை. ஸ்டியரிங் திடீரென்று கனமே இல்லாமல் போயிற்று, யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது மாதிரி. முன் கண்ணாடியில் சாலைக்குப் பதில் வானம் இருந்தது. மேகத்தின் மேல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், பொடிசு. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்று எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றது. பம்பும் நின்றது. இருக்கை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. வெல்டர் கயிறு கட்டி இழுத்தார். உன் அண்ணி குடையை மடக்கினாள். வீட்டுக்கு வந்து என் செருப்பைக் கொடியில் காயப்போட்டாள், அவ்வளவுதான்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஆனால் உன்னை அழைத்து வர வேண்டும் என்பதும் ஆசைதானே? இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றக்கூடாதா?

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

குட்டையில் மூழ்கினவன் கடலுக்கு வரப்போகிறாயா? அண்ணி எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணன் குளிக்கப் போனாலே இப்ப பயமா இருக்கு" என்றார்கள். அவர்களை இப்படிப் பேச வைத்ததற்கு உன்னை ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் வீட்டில்தான் தங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டீர்கள். அவர் போனபிறகு அந்த ஒரு வாரமும் நான் அறைக்குள் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்தினீர்கள். டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தீர்கள். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பாவம் என்றார்கள். இங்கே திரும்பி வந்த அன்று, கப்பல் துறையில் இறங்கியதுமே ஒரு படகுக்காரர், "எக்கா, பத்து நாளா ஐஸ் இல்லாம மீனெல்லாம் நாறுது, எங்க போய்த் தொலஞ்சீங்க?" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

நேராகப் போய்க் கம்ப்ரஸரைப் போட்டேன். அது முதலில் இருமும், பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்குள்தான் இருபது வருடம் நாங்கள் பேசிக்கொண்டோம், கத்திக் கத்தி. சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து அறையில் அவர் இருக்கிறார் என்றே தோன்றும். பைத்தியம் இல்லை, எனக்குத் தெரியும் இல்லையென்று. ஆனாலும் நன்றாக இருக்கிறது.

எனக்கு இங்கேயிருந்து வர வேண்டாம் அண்ணா.

தங்கை


ஏப்ரல் 2

பொடிசுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "டம்ளரைச் சத்தமில்லாம வெச்சது நான்தான்" என்றாள். அன்று முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ அங்கே தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

எப்படியும் நான் வருகிறேன். வெல்டர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிவிட்டார். குட்டையில் நான்கு முறை இறக்கிவிட்டேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. கடல் எப்போது அமைதியாக இருக்கும் என்று மட்டும் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

மே மாதம் முதல் வாரம். காலையில் காற்றே இருக்காது, கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கும். பயணிகள் கப்பலுக்குப் பின்னாலேயே வா, அதன் மாலுமியிடம் பேசிவிட்டேன். கப்பலின் வேகத்துக்கு உன்னால் ஈடுகொடுக்க முடியாது, ஆனால் கண்ணில் படும் தூரத்தில் போகிறேன் என்றார். துறைக்கு வராதே. ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் படகுகளை இழுத்து ஏற்றும் சரிவு இருக்கிறது, அங்கே ஏறு. தகரக் கூரையில் நீல பெயின்ட் அடித்திருப்பது என் வீடு.

துறைமுக அதிகாரியிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். "இது வண்டியாம்மா, படகாம்மா?"

"ரெண்டும்தாங்க."

"அப்ப எந்த ரிஜிஸ்டர்ல எழுதுறது?"

"தண்ணியில இருக்கறப்ப படகு ரிஜிஸ்டர்ல எழுதுங்க. ஏறினதும் அடிச்சிட்டு வண்டி ரிஜிஸ்டர்ல எழுதுங்க."

"எங்க ஆபீஸ்ல அடிச்செழுதக் கூடாதும்மா" என்றார். கடைசியில் உன்னை விருந்தாளி என்று எழுதிக்கொண்டார்.

வா. உனக்கு என் வீட்டைக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்று, நான் எதையும் ஏற்றப்போவதில்லை.

பொடிசு


மே 7, உன் வாசலிலிருந்து

பொடிசுக்கு,

நீ கதவைச் சாத்திக்கொண்டதால் இதை ஜன்னல் வழியாகப் போடுகிறேன். நான் தவளையின் பின்பக்கத்தில் தார்பாய்க்கடியில் இருக்கிறேன். சௌகரியமாகவே இருக்கிறது.

நேற்று முன்தினம் சரிவில் ஏறியபோது நீ ஈரக் கையோடு ஓடி வந்தாய் அல்லவா? நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கையை எடுக்க முடியவில்லை, அதுதான் விஷயம். வழியெல்லாம் கப்பல் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பயத்தில் சாலையில் போவது போலவே கையைக் காட்டித் திரும்பினேன், பின்னால் ஒருவரும் இல்லாத கடலில்.

நான் உன் பீரோவை ஏற்றியது தப்பாக இருக்கலாம். நீ பேக்டரிக்குப் போயிருந்தாய். நான் அந்த வீட்டைப் பார்த்தேன். ஒற்றைத் தட்டு, ஒற்றை நாற்காலி, கூரையில் ஒழுகல். மனசு தாங்கவில்லை. எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டால் நீ சரியென்றுவிடுவாய் என்று நினைத்தேன். நீ வந்து ஒவ்வொன்றாக இறக்கினாயே, அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாளைக் காலை கிளம்புகிறேன்.

அண்ணன்


மே 7, என் வீட்டுக்குள்ளிருந்து

அண்ணா,

என் சமையலறையை நீ தார்பாயில் மூட்டை கட்டினாய். உப்பு டப்பாவைக் காணவில்லை. தேடிக் கொடு.

இன்னொரு நாற்காலி பேக்டரியில் இருக்கிறது. அங்கேதான் ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் எனக்கு எதற்கு இரண்டு? நீ என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ எப்போதும் வாங்கிய பிறகுதான் கேட்கிறாய், ஏற்றிய பிறகுதான் கேட்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இதை எழுதும்போதும் தீரவில்லை.

ஆனால் இப்போது வேறு பேச்சு. கடல் வழக்கத்துக்கு மாறாக நிறைய உள்வாங்கிக் கிடக்கிறது. மீன் நிறைந்த படகுகள் ஏழும் வெளியே நிற்கின்றன, சேற்றைத் தாண்டி உள்ளே வர முடியாது, ஐஸ் போய்ச் சேராவிட்டால் மீன் நாறிவிடும். தலையில் சுமந்து போனால் பாதி ஐஸ் வழியிலேயே உருகிவிடும். துறையில் எல்லோரும் உன் தவளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்கச் சொல்கிறார்கள்.

கேட்கிறேன். ஐஸ் ஏற்றட்டுமா? சேற்றில் ஓடும், அதன்பின் மிதக்கும் என்றாய். நானும் வருகிறேன், எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. இன்ஜினைப் போடு.

பொடிசு


ஜூன் 3

பொடிசுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று உன் அண்ணி போனில் சொல்லியிருப்பாள். மற்றதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று நாம் சேற்றுக்குள் இறங்கியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ராணுவம் எதற்குச் செய்ததோ, அந்த லாரியின் முதுகில் ஐஸ் குவியல் புகைந்துகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து எனக்கு வழியே தெரியவில்லை. நீ ஐஸ் மேல் சாக்கைப் போட்டு நின்றுகொண்டு, "இடது, இடது, ஐயோ உன் இடது இல்ல, என் இடது!" என்று கத்தினாய். படகுக்காரர்கள் உன்னைப் பார்த்துத் திரும்பக் கத்தினார்கள். ஒருவர், "கொறச்சு போடாதீங்கக்கா, உங்க வீட்டுச் சொத்தா?" என்றார். நீ அவர் தலையில் ஒரு அள்ளு ஐஸைக் கொட்டினாய். ஏழு படகும் சிரித்தது. உனக்கு முன்னால் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

நீ விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தேன். அடுத்த நாள் நீ பேக்டரியைத் திறக்கக் கொஞ்சம் தாமதமானதற்கு, உன் கதவை மூன்று பேர் வந்து தட்டினதைப் பார்த்தேன். வாசலில் படுத்திருந்த என்னைத் தாண்டிக்கொண்டுதான் தட்டினார்கள்.

நான் கிளம்பியபோது நீ கையசைத்துக்கொண்டு சரிவிலேயே நின்றாய், புள்ளியாகும் வரைக்கும். பின்னால் காலி. கட்டிலும் பீரோவும் ஏற்றக் கொண்டுவந்த கயிறெல்லாம் அப்படியே சுருண்டு கிடந்தது. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, அதை ஒளிக்கப்போவதில்லை.

நடுவழியில் நான் ஒரு காரியம் செய்தேன். உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கரை தெரியாத இடத்தில், கப்பலும் கண்ணில் இல்லாதபோது, இன்ஜினை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதே. கடல் அசையவே இல்லை. லாரியின் நிழல் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன மீன் கூட்டம் அந்த நிழலுக்குள் வந்து நின்றது, வெயிலுக்கு ஒதுங்கினது மாதிரி. நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எங்கேயும் போகவில்லை, எதையும் கொண்டுவரவில்லை. பம்ப் ஓடாததால் தண்ணீர் மெல்ல உள்ளே வந்து என் செருப்பைத் தொட்டது, பிறகு கணுக்காலைத் தொட்டது. குளிர்ச்சியாக இருந்தது. பயம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீ அந்தத் தீவில் காலையில் முதல் பாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இப்படித்தான் இருக்குமா?

அதன்பின் இன்ஜினைப் போட்டேன். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.

உனக்காக வெள்ளையடித்த மாடி அறையில், ஏலத்தில் எடுத்த என் லாரிகளின் படங்களை மாட்டிவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

நடுக்கடலில் இன்ஜினை நிறுத்துகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? படித்ததும் உன் செவிட்டில் இரண்டு விட வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேக்டரிக்குள் போனேன். கம்ப்ரஸரை நிறுத்தினேன். அவர் போனபிறகு முதல் தடவையாக நானே நிறுத்தினேன், கொஞ்ச நேரத்துக்கு. தொட்டியில் தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரும் இல்லை. வெளியே காகங்களும் படகுக்காரர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. பிறகு போட்டுவிட்டேன், ஐஸ் உருகிவிடுமே.

இனிமேல் தனியாக அப்படிச் செய்தால் காலை ஒடித்துவிடுவேன். அடுத்த மாதம் வந்து என்னை ஏற்றிக்கொள். சாமான் ஒன்றும் இல்லை, நான் மட்டும்தான். நடுவழி வரைக்கும் போவோம், இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்துவோம். கால் நனைந்ததும் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடு.

பொடிசு